கல்லுக்கு அரை ஏக்கர்

காணிக் கிளை உத்தியோகத்தர் கனகலிங்கம் தமது சேவைக்காலத்தில் ஒரு பிழையும் விட்டதில்லை. பிழை விடுவதென்றால் முதலில் ஒரு முடிவு எடுக்க வேண்டும். அந்தப் பழக்கம் அவரிடம் இருக்கவில்லை. வருவதை மேலிடத்துக்கு அனுப்புவதும், மேலிடம் திருப்பி அனுப்பினால் கீழிடத்துக்கு அனுப்புவதும்தான் நிர்வாகம் என்று அவர் மனதார நம்பியிருந்தார். வன்னியில் எந்தச் செயலகம் என்று கேட்க வேண்டாம். சொன்னால் விளக்கம் கோரிக் கடிதம் வரும்.

ஒரு திங்கட்கிழமை காலை அவருடைய மேசையில் ஷிஹானா ஒரு கறுப்புக் கல்லை வைத்தாள். தேங்காய்ப் பாதி அளவு இருக்கும். அவள் முள்ளியவளைப் பக்கத்து ஜெமீல் நானாவின் மகள். பூமியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று படித்துப் பட்டம் வாங்கியவள். ஆராய்ச்சிக் கப்பலில் போய் இந்து சமுத்திரத்தின் அடியில் எடுத்த கல் அது.

"பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டிப் பேசப்போறன் சேர். கல்லு மண் ஏத்துறதெண்டா அனுமதி வேணுமெண்டு அதிபர் பயப்படுறார். இது கிரவலும் இல்லை, மணலும் இல்லை எண்டு ஒரு கடிதம் தந்தாக் காணும்."

கடிதம் கொடுத்தால் அது முடிவாகிவிடும். கனகலிங்கம் ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்தார்.

"எந்தக் கிராம அலுவலர் பிரிவில எடுத்தது?"

"நடுக்கடல் மலைத்தொடர் சேர். அங்க கடலடி ரெண்டாப் பிரிய, கீழ உருகின பாறை மேல வந்து உறையும்."

"அப்ப சொந்த இடம் அதுதான்."

"அதிலதான் சேர் விசயமே இருக்கு!" ஷிஹானாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அரச அலுவலகத்தில் வரக்கூடாத ஒன்று அது. "பல கோடி வருசத்துக்கு முந்தி, வேறொரு கடலின்ர அடித்தரை ஒரு கண்டத்துக்குக் கீழ அமிழ்ந்து போச்சு. போகேக்க கடல் தண்ணியையும் சேத்தையும் இழுத்துக்கொண்டு போனது. அதால அடியில இருந்த பாறையின்ர குணமே மாறிட்டுது. இப்ப அந்தக் கடலும் இல்லை. கண்டமும் உடைஞ்சு போச்சு. ஆனா அந்தப் பாறை, இவ்வளவு காலத்துக்குப் பிறகு இந்த மலைத்தொடருக்குக் கீழ உருகி மேல வரேக்க, பழைய குணம் அப்பிடியே கல்லுக்குள்ள கிடக்கு. ரசாயனச் சோதனையில தெளிவாத் தெரியும்."

கனகலிங்கம் பேனையைக் கீழே வைத்தார்.

"இருந்த இடம் இப்ப இல்லை."

"இல்லை சேர்."

"கன காலத்துக்குப் பிறகு வேற இடத்தில வந்திருக்கு. பழைய வதிவிடத்துக்கு அத்தாட்சியும் கையோட இருக்கு."

"சேர், அது கல்லு."

"இல்லைப் பிள்ளை. இது இடம்பெயர்ந்த ஆள்."

சொல்லும்போதே அவருக்கு நெஞ்சு லேசானது. கடிதம் கொடுப்பது முடிவு. மீள்குடியேற்ற விண்ணப்பத்தை மேலே அனுப்புவது வெறும் கடமை.

"தொண்ணூறாம் ஆண்டுக்கு முந்தி இடம்பெயர்ந்ததோ, பிந்தியோ?"

"முந்தி" என்றாள் ஷிஹானா. அதை அவளால் மறுக்க முடியவில்லை.

மேலிடம் அசந்துபோனது. இதுவரை கிடைத்த விண்ணப்பங்களுள் அத்தாட்சி பூரணமாக உள்ளது இது ஒன்றே எனப் பாராட்டி, கல்லுக்கு அரை ஏக்கர் காணியும், ஒரு தகரக் கொட்டிலும், வாழ்வாதார உதவியாக இரண்டு கோழிகளும் அனுமதிக்கப்பட்டன. கையளிப்பு விழாவுக்குத் தொண்டு நிறுவனத்துச் சுரேகா 'எவரையும் கைவிடோம்' என்று அச்சடித்த பனியன்களுடன் வந்தா. கல்லைக் கதிரையில் இருத்தி மாலை போட்டார்கள். சனம் முண்டியடித்து அதனுடன் செல்பி எடுத்தது. மீள்குடியேறியவர் காணியை விட்டு வெளியேறினால் அனுமதி ரத்தாகும் என்பதால், பள்ளிக்கூடப் பேச்சும் கைவிடப்பட்டது.

கூட்டத்தின் பின்னால் ஜெமீல் நானா எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். ஷிஹானாவால் பொறுக்க முடியவில்லை.

"எங்கட வாப்பா இந்த ஊரில பிறந்து வளந்தவர் சேர். தொண்ணூறில முஸ்லிம் சனத்தை வெளியேத்தேக்க உடுத்த உடுப்போட புத்தளம் போனவர். திரும்பி வந்து சொந்தக் காணியைக் கேட்டு அலையிறார். கல்லுக்குக் குடுத்தியள். வாப்பாவுக்கு ஏன் இல்லை?"

"நானாவிட்ட அத்தாட்சி இல்லையே பிள்ளை. கல்லுக்குள்ள இருக்கு. நானாவுக்குள்ள என்ன இருக்கு?"

"பல்லிருக்கு! சின்ன வயசில குடிச்ச தண்ணியின்ர குணம் பல்லில கிடக்கும். கல்லைச் சோதிச்ச மாதிரிப் பல்லையும் சோதிக்கலாம். புடுங்கித் தரட்டோ?"

அவள் கோபத்தில் சொன்னாள். கனகலிங்கம் குறித்துக்கொண்டார்.

அடுத்த மாதமே சுற்றறிக்கை வந்தது. 'நிரந்தர வதிவிடத்தை நிரூபிக்க விரும்புவோர் ஒரு பல்லைச் சமர்ப்பிக்கலாம். மூலப் பல் மட்டுமே ஏற்கப்படும். பொய்ப்பல் சமர்ப்பிப்போர் மீது சட்ட நடவடிக்கை எடுக்கப்படும்.'

ஜெமீல் நானா ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லைக் கொடுத்தார். காணி இல்லாதவர்கள் கொடுத்தார்கள். பிறகு காணி உள்ளவர்களும் கொடுத்தார்கள். முரசுமோட்டையில் வயலும் உழவு மெசினும் வைத்திருந்த இரஞ்சிதம் பஸ் ஏறி வந்து இரண்டைக் கொடுத்தா.

"உங்களுக்கு வேற மாவட்டமெல்லோ அம்மா? காணியும் இருக்கு" என்றார் கனகலிங்கம்.

"கிடக்கட்டும் தம்பி. எல்லாரும் குடுக்கினம்."

பல் குறையாமல் திரிந்தவர்களைச் சனம் ஒரு மாதிரிப் பார்க்கத் தொடங்கியது. கலியாணப் படங்களில் மாப்பிள்ளைமார் ஓட்டை தெரியச் சிரித்தார்கள். "இஞ்சருங்கோ, பளையில இருக்கிற எங்கட வீட்டுக் காணிக்கும் ஒண்டைக் குடுத்து வையுங்கோவன்" என்று மனைவி கமலாசனி நச்சரிக்க, கனகலிங்கமும் ஒன்றைப் பிடுங்கிக் கொடுத்தார்.

மாரி தொடங்க முடிவுகள் வந்தன. கனகலிங்கம் உண்மையான சந்தோசத்துடன் எல்லாருக்கும் கேட்க வாசித்தார்:

"ஜெமீலின் கடைவாய்ப் பல் இப்பிரிவின் நிரந்தர வதிவாளர் என்பது ஐயந்திரிபற உறுதிப்படுத்தப்பட்டுள்ளது. ஆகவே மேற்படி பல்லுக்கு அரை ஏக்கர் காணி வழங்கப்படுகிறது."

"பல்லுக்கோ?" என்றார் ஜெமீல் நானா.

"அத்தாட்சி பல்லுக்குத்தானே இருக்கு நானா. மிச்ச ஆளுக்கு இல்லை."

"நான் அந்தக் காணிக்குள்ள போகலாமோ?"

"பல்லின்ர சம்மதக் கடிதம் வேணும்."

"வாப்பா இல்லாம அந்தப் பல்லேது சேர்?" என்று கத்தினாள் ஷிஹானா.

"அதுக்கும் அத்தாட்சி இல்லைப் பிள்ளை. ரெண்டு பேரும் இப்ப பிரிஞ்செல்லோ இருக்கினம்."

அடுத்த கடிதம் கனகலிங்கத்துக்கே வந்திருந்தது. பளையிலுள்ள வீடும் வளவும் அவற்றின் உண்மையான வதிவாளராகிய பல்லின் பெயருக்கு மாற்றப்பட்டிருந்தன. தற்போது அங்கு தங்கியிருப்போர் உடனடியாக வெளியேறவும் என்று கீழே ஒரு வரி. இரஞ்சிதத்தின் வயலை அவவின் இரண்டு பற்களும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. மீள்குடியேற்றம் நூறு வீதம் பூர்த்தி என்று மேலிடம் அறிவித்தது.

வீடு போனதால் மீள்குடியேற அவரும் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. தன் விண்ணப்பத்தைத் தானே பாரமெடுத்து வாங்க விதியில்லை. ஆகவே கனகலிங்கம் வெளியே போய் வரிசையில் நின்றார். ஜெமீல் நானா கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டார்.

"பழகிப் போகும் சேர்."

உள்ளே அவருடைய கதிரையில், புதிதாக நியமனம் பெற்ற அனோஜன் இருந்தான்.

"ஆரால இடம்பெயர்ந்தனீங்கள் சேர்?"

"பல்லால தம்பி."

"அதுக்கு அத்தாட்சி?"

கனகலிங்கம் வாயைத் திறந்து ஓட்டையைக் காட்டினார். அனோஜன் எழும்பி, எட்டி, பொறுப்போடு பார்த்தான்.

"ஓட்டையை இணைச்சு அனுப்பேலாது சேர். பக்கத்தில நிக்கிறதைக் கழட்டித் தாங்கோவன்."