கொள்ளுத்தாத்தாவுக்குக் கீழே ஒரு புள்ளிக்கோடு

மரியாதைக்குரிய அண்ணன் அவர்களுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் சுகம், என் இரத்த அழுத்தம் நீங்கலாக. தாங்களும் அண்ணியும் சுகமாகத்தான் இருப்பீர்கள். அதில் எனக்கு என்றுமே சந்தேகம் இருந்ததில்லை.

தாங்கள் அச்சிடப்போகும் குடும்ப மரத்தின் மாதிரித்தாள் வந்தது. ரயில் கார்டாக இருந்த நம் கொள்ளுத்தாத்தாவுக்குத் தண்டவாளத்தின் இரு முனையிலும் ஒவ்வொரு வீடு இருந்தது ஊரறிந்த விஷயம். மூத்த வீட்டாராகிய தங்களுக்கு அவரிடமிருந்து கெட்டியான கறுப்புக்கோடு இறங்குகிறது. இளைய வீட்டாராகிய எங்களுக்குப் புள்ளிக்கோடு. அடியில் பொடி எழுத்தில், 'திருமணம் உறுதியில்லை.' என் மகள் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இந்த இடத்துல கத்தரிக்கோல் வச்சு வெட்டணுமா?" என்றாள். முதுகலை படித்தவன் நான். வீட்டிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து ஒளித்துவைத்தேன்.

தங்களைத் தொலைபேசியில் அழைத்தேன். "கோவிச்சுக்காதடா. ஆதாரம் இருந்தா கொண்டா, திங்கக்கிழமை வரைக்கும் டைம்" என்றீர்கள். ஆதாரமாம்! தங்கள் கூடத்தில் தொங்கும் 'கல்யாணப் படத்தில்' கொள்ளுத்தாத்தா சீருடையில் நிற்கிறார், கையில் பச்சைக்கொடி. எந்த மாப்பிள்ளை கொடியோடு மணமேடை ஏறினான்? இதை நான் இதுவரை கேட்டதில்லை. என் ஏணியை வாங்கிப்போய்த்தான் அந்தப் படத்தை மாட்டினீர்கள், ஏணி இன்னும் திரும்பவில்லை, அதையும் நான் கேட்டதில்லை.

ஆகவே விடுப்புப் போட்டு ரயில்வே பழைய பதிவறைக்குப் போனேன். மனைவிக்கு இலவசப் பயணச்சீட்டு உண்டென்றால் பணிப்பதிவேட்டில் மனைவி பெயர் இருந்தே தீரவேண்டுமல்லவா? முதலில் தப்பான மாடியில் வரிசையில் நின்றேன், அங்கே எனக்கு ஓய்வூதியம் தரப் பார்த்தார்கள், எனக்கு அவ்வளவு வயதாகவில்லை என்று நிரூபித்துவிட்டுச் சரியான மாடிக்கு ஏறினால் பதிவறை அம்மா சாப்பிடப் போயிருந்தார், வந்ததும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"செத்துப்போனவர் கல்யாணத்துக்கு ஏன் சார் இவ்ளோ பறக்குறீங்க?"

"திங்கக்கிழமை அச்சுக்குப் போகுதும்மா."

"அவரு அன்னைக்குக் கொஞ்சம் பறந்திருந்தா நீங்க இன்னைக்கு நிம்மதியா வீட்ல இருந்திருக்கலாம்."

அவர் அனுப்பிய பதிவேட்டு நகல் இன்று தபாலில் வந்துவிட்டது. உறையை நான் பிரிக்கவில்லை. அப்படியே இத்துடன் வைக்கிறேன். உறவினர் எல்லோர் முன்னிலையிலும் தாங்களே பிரித்து உரக்கப் படியுங்கள். எங்கள் கொள்ளுப்பாட்டி பெயர் வந்ததும் சற்று நிறுத்தி அண்ணியின் முகத்தைப் பார்க்கவும். பிறகு கோடுகளை இடம் மாற்றிக்கொள்ளலாம்.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அண்ணிக்கு வணக்கம், அளவாக.

இப்படிக்கு,
புள்ளிகளுக்குக் கீழிருந்து,
தம்பி

பி.கு.: உறையை என் மனைவி பிரித்துவிட்டாள். பணியில் சேர்ந்த நாள் முதல் ஓய்வுபெறும் வரை கொள்ளுத்தாத்தா 'மணமாகாதவர்'. வருடந்தோறும் அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். பக்கத்தில் மேலதிகாரியின் குறிப்பு: 'குடும்பம் இல்லாதவர், தொலைதூர வண்டிகளுக்கே அனுப்பலாம்.' "மனுஷன் ரெண்டு வீட்டுக்கும் ஓரவஞ்சனை பண்ணலைங்க. ரெண்டு பேரையுமே கட்டிக்கல" என்று சொல்லிவிட்டு இவள் இன்னும் சிரிப்பை நிறுத்தவில்லை. உறை என்னிடமே இருக்கட்டும். அண்ணே, ரெண்டு வீட்டுக்கும் கெட்டிக்கோடாவே போட்டுடுங்க. அண்ணி காதுக்குப் போகவேண்டாம். திங்கட்கிழமை அச்சகத்துக்கு நானும் கூட வருகிறேன்.