இமைக்காத அதிகாரியும் பச்சைப் புள்ளியும்

ஒரு காட்டில், திருவிழாவுக்கு மேளம் மட்டும் போதாது, லேசர் விளக்கும் வேண்டும் என்று குரங்குகள் அடம்பிடித்து ஒன்றை வாங்கி வந்தன. லேசர் வந்தால் பாதுகாப்பு அதிகாரியும் வேண்டுமாம். "கண் இமைக்காமல் கண்காணிப்பவர் தேவை" என்று தலைவர் யானை அறிவித்தார். மான் வந்தது, மிரண்டது, போய்விட்டது. சாரைப்பாம்பு கோலப்பன் வந்து யானையையே உற்றுப் பார்த்தார். யானைதான் முதலில் கண்ணை மூடினார். வேலை கோலப்பனுக்குக் கிடைத்தது.

இதில் திறமை என்ன வாழுது? பாம்புக்கு இமையே கிடையாது. அதை யாரும் கேட்கவில்லை, கோலப்பனும் வாயைத் திறக்கவில்லை.

யானை ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "கோலப்பா, அதிகாரியே பொதுமக்களை விழுங்கினா நல்லாருக்காது. கடையில பச்சைப் புள்ளி போட்டு விக்கிற சைவப் பொட்டலம்தான் இனி உனக்குச் சாப்பாடு."

"பச்சைப் புள்ளி இல்லாத எதையும் வாயால தொடமாட்டேங்க" என்று சத்தியம் செய்தார் கோலப்பன். பதவி ஆசை யாரை விட்டது! அன்றிலிருந்து பொரியும் அவலும்தான். "கையில்லை, காலில்லை, காதில்லை, இமையில்லை. உருப்படியா இருந்தது ஒரு வயிறு, அதையும் பதவிக்கு எழுதிக் கொடுத்தாச்சு" என்று தன்னைப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்டார்.

பாதுகாப்பு வகுப்பு தொடங்கியது. முன்வரிசையில் வரவேற்புக் குழுத் தலைவி தாயம்மாள் தவளை உட்கார்ந்திருந்தாள்.

"முதல் வகுப்பு லேசர் பரம சாது. ரெண்டாம் வகுப்பு கண்ணுல பட்டா இமை தன்னால மூடிக்கும், அதுவே காப்பாத்திடும். மூணாம் வகுப்புல பலமானது இமை மூடுறதுக்குள்ள கண்ணைக் கெடுத்துடும். நாலாம் வகுப்பு இருக்கே, தோலைச் சுடும், துணியைக் கொளுத்தும், சுவத்துல பட்டுத் திரும்பி வந்தும் கண்ணைப் பறிக்கும்" என்றார் கோலப்பன்.

"நம்ம விளக்கு எந்த வகுப்புங்க ஐயா?" என்றாள் தாயம்மாள்.

"ரெண்டுதாம்மா. பயமே வேண்டாம்."

"அப்ப நீங்களே பார்த்து, இமை எப்படி மூடிக்குதுன்னு காட்டிடுங்களேன்."

இமை இல்லை என்று சொன்னால் வேலை போச்சு. அதற்குள் குரங்கு விளக்கைப் போட்டுவிட்டது. சிவப்பு ஒளி நேரே கண்ணில் விழுந்தது. தலையையாவது திருப்பியிருக்கலாம். காடே கைதட்டும்போது எந்த அதிகாரி தலையைத் திருப்புவார்? குரங்குக்குக் கை கடுக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அடேயப்பா, இமைக்கவே இல்லையே! நம்ம ஐயா எப்பேர்ப்பட்ட ஆளு!" என்று பூரித்துப் போனாள் தாயம்மாள்.

விளக்கு அணைந்தது. சிவப்பை வெறித்த கண்ணில் பச்சையாக ஒரு புள்ளி ஒட்டிக்கொண்டது. மரத்தைப் பார்த்தால் மரத்தில் புள்ளி, யானையைப் பார்த்தால் நெற்றியில் புள்ளி. மறுநாளும் அது போகவில்லை. கோலப்பன் நிஜமாகவே பயந்துபோனார். ஐயோ கண் போச்சே என்று கத்தினால் இமைக் கதை வெளியே வந்துவிடும். அதனால் பேசாமல் பொரியைத் தின்றார்.

அந்த நேரம் பார்த்துத் தாயம்மாள் மாலையோடு வந்து சேர்ந்தாள். "உங்களை மாதிரி ஆள் காவலுக்கு இருக்கிறப்ப எங்களுக்கென்னங்க பயம்!" என்று கிட்டத்தில் வந்து நின்றாள்.

கோலப்பன் பார்த்தார். அவளுடைய உருண்டை வயிற்றின் நட்டநடுவில் பளிச்சென்று பச்சைப் புள்ளி!

"டேய், இது உன் கண் கோளாறுடா" என்றது மனசாட்சி.

"சத்தியத்துல கண் கோளாறைப் பத்திப் பேச்சே இல்லையே" என்றது வயிறு.

கோலப்பன் சத்தியத்தை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றினார்.

சாயங்காலம் யானை விசாரணைக்கு வந்தார். "தாயம்மாள் எங்கேப்பா? மாலை மட்டும் கிடக்குது!"

"நான் சத்தியத்தை மீறலைங்க. புள்ளி இருந்துச்சு" என்றார் கோலப்பன். வெட்கத்தில் உடம்பு முழுக்கச் சுருண்டிருந்தது. வயிறு மட்டும் நிறைந்திருந்தது. பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி, யானையை இமைக்காமல் பார்த்தார்.

"உங்க நெத்தியிலயும் இருக்குதுங்க. நீங்க பயப்படாதீங்க, இந்தப் பாழாய்ப்போன வாய் அவ்வளவுக்குக் கொள்ளாது."

நீதி: அபாயத்தை அதிகாரி இமைக்காமல் பார்த்தால் கைதட்டாதீர்கள். அடுத்து அவர் பார்க்கப்போவது உங்களைத்தான்.