பட்டங்களிலிருந்து வெட்டியெடுத்த நான்கு பெயர்கள்

ஸ்கெலட்டன் லைன், மாரிகுப்பம்,
வெள்ளிக்கிழமை

மதிப்புக்குரிய சித்தார்த் அண்ணனுக்கு,

உன் சித்தியின் பெயரை நீதான் அழித்தாய். தங்கை நிலா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். நான்கு நாளாக நீ போனை எடுக்காததால் உன் நலம் தெரியவில்லை, நலமாகத்தான் இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை நாளைக் காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வரும் டேவிட் அங்கிள் உன் கையில் கொடுப்பார். கடிதம் ரிங் ஆகாது, அதனால் பயப்படாமல் வாங்கிக்கொள்.

சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு என்று பெயர்தான், எங்கள் லைனுக்குத் தண்ணீர்க் குழாய் வரப் பதினொரு மாதம் அலைந்தவர்கள் நான்கு பேர்: மாலா அக்கா, அமலா அக்கா, லதா அக்கா, உன் சித்தியான என் அம்மா லீலா. காலிக் குடங்களை நகராட்சி அலுவலக வாசலில் வரிசையாக வைத்துவிட்டு அவற்றின் பின்னால் உட்கார்ந்தவர்கள் அவர்கள். ஏரியா தலைவர் மஞ்சுநாத் ஒரே ஒரு நாள் வந்தார், அதுவும் போட்டோவுக்கு. ஞாயிற்றுக்கிழமை குழாய் திறப்பு. விளம்பரக் கம்பெனியில் வேலை பார்க்கிற நம் பையன் என்று உன்னிடம் பேனர் கேட்டு, நான்கு பெயர்களையும் எழுதி அனுப்பினோம். நீ அனுப்பியதில் என்ன இருந்தது? 'ஸ்கெலட்டன் லைனுக்குக் குடிநீர் தந்த மாரிகுப்பத்தின் குலவிளக்கு, மக்கள் தொண்டர், எல்லார்க்கும் நல்லவர், தாயுள்ளம் கொண்ட அண்ணன் மஞ்சுநாத் அவர்கள்.' அடியில், பூதக்கண்ணாடி வைத்தால் தெரிகிற அளவில், 'மற்றும் பெண்கள்.' தலைவரின் ஆள் உனக்கு ஒரு போன் போட்டாராம், நீ மாற்றிவிட்டாயாம். பதினொரு மாதத்தை 'மற்றும்' என்று சுருக்கத் தெரிந்த உன் திறமைக்குக் கம்பெனியில் சம்பளம் ஏற்ற வேண்டும்.

சரி, மாற்றிக்கொள்ளலாம் என்று ஆண்டர்சன்பேட்டையில் எலைன் ஆன்ட்டியின் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனோம். பாஸ்போர்ட் போட்டோவிலிருந்து கல்யாண ஆல்பம் வரைக்கும் தானே கற்றுக்கொண்டு செய்கிற மனுஷி. எழுத்தின் மேல் கிளிக் செய்தார், பக்கத்தில் புதிதாக ஒரு காலிப் பெட்டி வந்தது. பூட்டுப் படத்தைத் தட்டித் திறந்தார், ஒன்றும் அசையவில்லை. ஃபான்ட் இல்லையோ என்று தேடினார், ஃபான்ட் கேட்டு எந்த எச்சரிக்கையும் வரவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார், நடுவில் கரன்ட் வேறு போய் வந்தது. கடைசியில் லேயர் பட்டியலைப் பார்த்தால் மொத்தமே ஒரு லேயர். "இது எழுத்தே இல்ல மேன், எழுத்தோட போட்டோ" என்றார். லேயர் என்றால் என்ன என்று அம்மா கேட்டாள். தங்கச் சுரங்கத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கிற லெவல் மாதிரி, மேலே எழுத்து, கீழே படம், அதுக்கும் கீழே கலர் என்று சொன்னேன். "அப்போ எல்லா லெவலும் ஒண்ணா இடிஞ்சி கீது" என்றாள் அம்மா. ஃபான்ட் இல்லாத கடையில் எழுத்து கட்டம் கட்டமாக உடையும் என்று உன்னைப் போல டிசைன் செய்கிறவர்கள் எல்லாம் இப்படித்தான் ஒரே லேயராக நசுக்கி அனுப்புவார்கள் என்று ஆன்ட்டி உனக்காகப் பரிந்து பேசினார். எனக்குக் கோபம் குறையவில்லை.

நீ வரைந்த எழுத்து தன்னிடம் இல்லை, பழையதை மூடிவிட்டு மேலே வேறு எழுத்தில் அடித்துத் தரட்டுமா என்று ஆன்ட்டி கேட்டதற்கு அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "தலைவருக்கு இன்னா எழுத்தோ அதே எழுத்து. வேற போட்டா அப்புறமா ஒட்டவெச்சா மாதிரி இருக்கும்." அப்போதுதான் எலைன் ஆன்ட்டி செய்ததைப் பார்த்தேன், அண்ணா, கை தட்டாமல் இருக்க முடியவில்லை. தலைவரின் பட்டங்களையே எழுத்தெழுத்தாக வெட்டினார். மாரிகுப்பத்தில் 'மா', எல்லார்க்கும் நல்லவரில் 'லா', மாலா அக்கா ரெடி. அண்ணனின் 'அ', மக்களின் 'ம', அமலா அக்கா. குலவிளக்கில் 'ல', தாயுள்ளத்தில் 'தா', லதா அக்கா. அந்த ஆளுக்கு இருக்கிற பட்டங்களில் எங்கள் லைன் முழுவதையும் எழுதிவிடலாம், வாக்காளர் பட்டியலே போடலாம். அம்மா பெயரில் வந்து சிக்கியது. 'லீ' எங்குமே இல்லை. விடுங்க, எனக்கு வேணாம் என்று அம்மா எழுந்தே விட்டாள். "உக்காருங்க லீலாக்கா" என்று அதட்டிவிட்டு, ஆன்ட்டி குடிநீரின் 'நீ' தலையிலிருந்த சுழியை மட்டும் நகல் எடுத்து, 'ல' மேல் பொருத்தி, ஓரத்தை ஒவ்வொரு புள்ளியாகத் துடைத்தார். ஒன்றேகால் மணி நேரம், ஒரு சுழிக்கு. ஒட்டு எங்கே என்று அதை வரைந்த நீயே கண்டுபிடிக்க மாட்டாய். 'அவர்கள்' மட்டும் வெட்டப்படாமல் கடைசியில் நின்றது, லீலா அவர்கள் என்று. அம்மா அதைத் தொட்டுப் பார்க்கப் போனாள், ஸ்கிரீன் அழுக்காகும் என்று ஆன்ட்டி கையைத் தட்டிவிட்டார். மஞ்சுநாத் பெயரை அம்மாவே இருக்கட்டும் என்றாள், அடியில் அதே 'மற்றும்' வரிசையில், அதே பொடி அளவில்.

இன்று மதியம் பேனர் கட்டியாயிற்று. அந்த எழுத்துகளை வரைந்தவன் நீ என்பதும் உண்மை. அவ்வளவு அழகான எழுத்தை எதற்கு யாருக்கோ அடகு வைக்கிறாய்? இனி எழுத்தை எழுத்தாகவே அனுப்பு. ஒருவர் பெயரைத் திருத்த வழியில்லாமல் அடைத்துவைப்பது அயோக்கியத்தனம்.

பெரியம்மாவுக்கு என் வணக்கம். உனக்கு நல்ல புத்தியும் வேளைக்குச் சாப்பாடும் கிடைக்கட்டும்.

உன் தங்கை,
நிலா

பின்குறிப்பு: சனிக்கிழமை காலை, மாரிகுப்பம் ஸ்டேஷனில் இருந்து எழுதுகிறேன். மேலே கடைசியில் எழுதிய அறிவுரையை அடித்துவிட்டதாக வைத்துக்கொள். நேற்று சாயங்காலமே தலைவரின் ஆட்கள் எலைன் ஆன்ட்டியிடம் போய் ஃபைலைக் கேட்டிருக்கிறார்கள், இன்றைக்கே திருத்தி வேறு பேனர் கட்டப் போகிறார்களாம். ஆன்ட்டி மறுக்காமல் கொடுத்துவிட்டார், எல்லாவற்றையும் ஒரே லேயராக நசுக்கி. எந்த எழுத்தையும் அவர்களால் அசைக்க முடியவில்லை. நசுக்குவது எவ்வளவு நல்ல பழக்கம். ஆனால் நீ முதலில் செய்த ஃபைல், நசுக்காதது, உன்னிடம் இருக்கிறது. அதைக் கேட்டு உனக்குப் போன் செய்தார்களாம், முதல் ரிங்கிலேயே எடுத்தாயாம். இன்னும் கொடுக்காவிட்டால் அதை அழித்துவிடு. கொடுத்துவிட்டாயா, இல்லையா என்று மட்டும் சொல். இதோ, மறுபடியும் உனக்கு அடிக்கிறேன். ரிங் போகிறது. எடு, அண்ணா.