கேரட் பாத்தியில் ஒரு கூடாரம்

சொந்த வீட்டுச் சுவரில் எந்தப் படம் தொங்க வேண்டும் என்று தீர்மானிக்க முடியாதவன், குடும்பத் தலைவன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. நான் சொல்லிக்கொள்வதில்லை. எங்கள் ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் என் மனைவி எப்சிபா. ஆகவே சட்டப்படி எனக்கு ஆட்சேபணை எதுவும் கிடையாது. இருந்தாலும் மனுஷனுக்கு ரோஷம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

விஷயம் இதுதான். என் மச்சினன் செல்வின், காட்டுக்குள் போகும் பேரிஜம் ரோட்டில் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, ஒரு கடமானைப் போட்டோ எடுத்தான். காரை விட்டு இறங்கக்கூட இல்லை. அந்தப் போட்டோவுக்கு எப்சிபா சட்டம் போட்டு, ஹாலில் எங்கள் கல்யாண போட்டோ இருந்த ஆணியில் மாட்டிவிட்டாள். கல்யாண போட்டோ பீரோவுக்குப் பின்னால் போனது. "அங்கதாங்க ஈரம் ஏறாது" என்றாள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் மானைப் பார்த்துவிட்டுத்தான் என்னைப் பார்ப்பார்கள்.

"அருமையான படம். சார் எடுத்ததா?"

"சேச்சே! இவருக்கு எங்க? எந்தம்பி எடுத்தது."

அந்த 'எங்க?'வைக்கூட மன்னிப்பேன். அந்த 'சேச்சே'தான் நெஞ்சில் குத்தியது. அன்றைக்கே சபதம் போட்டேன். ஜெபதுரை ஆகிய நான், அதே ஆணியில் நான் எடுத்த கடமானை மாட்டுவேன். மாட்டிவிட்டு வருகிறவர்களிடம் ஒன்றும் சொல்லாமல் சும்மா நிற்பேன்.

இதற்கு நான் பேரிஜம் வரை போக வேண்டியதில்லை. நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கேரட் பாத்தி. அதற்குப் பின்னால் வேலி என்று நாங்கள் நம்புகிற ஒன்று. அதற்குப் பின்னால் காடு. கடமான் விடிகிற நேரத்தில் வேலியைத் தாண்டி வந்து, வேண்டியதைத் தின்றுவிட்டு, நன்றிகூடச் சொல்லாமல் போய்விடும்.

போன வருஷம் அது தின்றது சாதாரண கேரட் இல்லை. அறுப்பின் பண்டிகைக்கு என்று எப்சிபா வளர்த்த கேரட். எங்கள் சர்ச்சில் அந்தப் பண்டிகைக்கு அவரவர் தோட்டத்தில் விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம். பாத்தி மொட்டையாகிவிட்டதால் எப்சிபா மார்க்கெட்டில் கேரட் வாங்கித் தட்டில் வைத்துக்கொண்டு போனாள். ஏலம் விட்ட உபதேசியார் அதைத் தூக்கிப் பார்த்தார். "இந்தக் கேரட்ட ரப்பர் பேண்டோட வெளைய வச்ச தேவனுக்கு ஸ்தோத்திரம்" என்றார். மைக்கில். சபை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அதற்கான தண்டனையை இங்கே விவரிக்கப் போவதில்லை.

இந்த வருஷம் ஒரு கேரட்டில்கூட மான் வாய் படக் கூடாது என்பது எப்சிபாவின் வைராக்கியம். மான் பாத்தியில் நின்று நிதானமாகச் சாப்பிட வேண்டும், நான் படம் எடுக்க வேண்டும் என்பது என்னுடையது. பத்துக் கேரட் போனால் என்ன? கலைக்காக எவ்வளவோ பேர் எவ்வளவோ இழந்திருக்கிறார்கள். ஆனால் இதை அவளிடம் சொல்லவில்லை. அதுதான் என் ராஜதந்திரம்.

ஆன்லைனில் ஒரு கூடாரம் வரவழைத்தேன். பையிலிருந்து எடுத்து விட்டால் குடை மாதிரி தானாக விரிந்து நிற்கும். வெளியே இலைதழை அச்சு, உள்ளே கறுப்பு. நாலு பக்கமும் ஜிப் வைத்த ஜன்னல். உள்ளே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால் வெளியே யாருக்கும் தெரியாது. எப்சிபா அட்டைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னங்க இது, வெள்ளைக்காரன் துப்பாக்கியோட உக்காந்திருக்கான்?"

"அவங்க ஊர்ல இதுக்குள்ள ஒளிஞ்சு இருந்துதான் மான் வேட்டையாடுவாங்க."

"இங்க ஆடுனா ஃபாரஸ்ட்காரங்க வந்து அள்ளிட்டுப் போயிருவாங்க. ஜாமீனுக்கெல்லாம் நான் அலைய மாட்டேன்."

"வேட்டைக்கு இல்ல எப்சி. காவலுக்கு. ஒன் கேரட்ட நான் காவக் காக்கப்போறேன்."

"நீங்களா?"

"நானேதான்."

"இதுக்குப் பேரு என்ன?"

"பிளைண்டு."

"குருடுன்னா போட்டிருக்கான்? யாரு, மானா நீங்களா?"

"மானுக்கு நம்ம இருக்கதே தெரியாது. அதான்."

"கல்யாணமானதுல இருந்து நீங்க இருக்கது எனக்கே தெரியல. மானுக்கு எப்படித் தெரியும்?"

இதையெல்லாம் பொருட்படுத்தினால் சாதனை செய்ய முடியாது. கூடவே வந்திருந்த குறிப்புத் தாளை எடுத்து, தமிழில் விளக்கிச் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்பு எது என்று யாராவது கேட்டால், இதைத்தான் சொல்வேன்.

"மொதல்ல, கூடாரத்த ஒரே எடத்துல பல நாள் விட்டு வைக்கணும். மானுக்குப் பழகணும். எடத்த மாத்துனா சந்தேகப்படும். அப்புறம், வாசனையே கூடாது. சோப்பு, எண்ணெய், தைலம், எதுவும் ஆகாது. சத்தமும் கூடாது. மூச்சு விடக்கூட யோசிச்சுத்தான் விடணும்."

"இதெல்லாம் சரியாச் செஞ்சா?"

"தொட்டுப் பாக்குற தூரத்துல வந்து நிக்கும்."

"செய்யலைன்னா?"

"அந்தத் திக்குல தல வச்சுக்கூடப் படுக்காது."

"ஆமா, காவலுக்குன்னீங்க. இப்ப மான வரவைக்கப் போறீங்களா, வெரட்டப் போறீங்களா?"

"வந்தாத்தான வெரட்ட முடியும்?"

"அதுஞ்சரிதான்" என்றாள் எப்சிபா. அந்தத் தாளை வாங்கி மடித்து, பைபிள் வைக்கிற அலமாரியில் பத்திரப்படுத்தினாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

நான் வேலை பார்க்கும் லாட்ஜில் எனக்கு மதிய ஷிஃப்ட். காலை முழுவதும் என் கையில். மறுநாள் வெள்ளனே எழுந்தேன். எனக்கு முன்னால் எப்சிபா எழுந்து தைலப் புட்டியோடு நின்றாள்.

"பனி என்னமாக் கொட்டுது பாருங்க. சட்டையக் கழத்துங்க, நெஞ்சுல தேய்ச்சு விடுறேன்."

"வாசனை கூடாதுன்னு..."

"சளி புடிச்சு இருமுனா சத்தம் வருமில்ல? சத்தம் கூடாதுல்ல?"

சட்டையைக் கழற்றினேன். நெஞ்சு, முதுகு, கழுத்து, உள்ளங்கால் என்று தேய்த்தாள். கல்யாணமான புதிதில்கூட அவள் இத்தனை அன்பு காட்டியதில்லை. எனக்குக் கண் கலங்கியது. பாதி அன்பினால், பாதி தைலத்தினால். அந்த மணத்துக்கு மான் என்ன, கொசுகூட எங்கோ மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பாச்சலூரைத் தாண்டித்தான் இறங்கியிருக்கும்.

மறுநாள் கூடாரத்தைக் காணோம். கொடியில் தொங்கியது.

"புதுசுல்ல, பிளாஸ்டிக் நாத்தம் அடிச்சிச்சுங்க. வாசனையே கூடாதுன்னீங்களே. நல்லா ஊற வச்சு அலசிட்டேன்."

"எதுல?"

"மல்லியப்பூ வாசம்னு பாக்கெட்ல போட்டிருந்துச்சு."

காய்ந்ததும் பாத்தியின் அந்தப் பக்கம் கொண்டுபோய் நட்டாள். பழைய இடத்தில் வடாம் காயப்போட வேண்டுமாம். அடுத்த நாள் இந்தப் பக்கம். அங்கே எருக் கொட்ட வேண்டுமாம். நான் ஒவ்வொரு காலையும் தைல மணத்தோடு மல்லிகை மணத்துக்குள் நுழைந்து, நேற்று எந்தத் திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு நாள் வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம், மூடுபனியில் முதலில் கொம்பு தெரிந்தது. பிறகு முகம். செல்வினின் மானைவிட இது பெரியது. கேமராவைக் கண்ணில் வைத்தேன். அது கழுத்தை நீட்டி மோந்து பார்த்தது. தும்மியது. மான் தும்மி நான் கேட்டது அன்றைக்குத்தான். சரியாக அந்த நேரத்தில் அடுப்படிக் கதவு திறந்தது.

"என்னங்க! மான் வந்துருச்சா?"

"சத்தம் போடாதே!" என்று நான் சத்தம் போட்டேன்.

என் கேமராவில் விழுந்தது ஒரு வால். அதுவும் கலங்கலாக.

இனி நேர்வழி சரிப்படாது என்று முடிவு செய்தேன். மானுக்கு உப்பு என்றால் உயிர். கடையில் கல் உப்பு வாங்கி, வேலியோரம் ஒரு கல்லின் மேல் ரகசியமாகக் குவித்து வைத்தேன். காலையில் போய்ப் பார்த்தால் ஒரு பரல்கூட இல்லை. ராத்திரியே வந்து நக்கிவிட்டுப் போயிருக்கிறது என்று குதூகலித்தேன். மறுபடி வைத்தேன். மறுபடி காலி. அந்த வாரம் வீட்டில் ரசம் கொஞ்சம் கரித்தது. அதற்கும் இதற்கும் நான் முடிச்சுப் போடவில்லை.

பண்டிகைக்கு முந்தின நாள் வந்துவிட்டது. கேரட் பிடுங்கிவிட்டால் மான் எதற்கு வரப்போகிறது? அதுதான் எனக்குக் கடைசிக் காலை. மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாத்தியில் காலடிச் சத்தம் கேட்டது. ஜன்னல் ஜிப்பை நூலளவு இறக்கினேன். மான் இல்லை. எப்சிபா. கூடையோடு வந்து கேரட் பிடுங்க ஆரம்பித்தாள். பக்கத்துத் தோட்டத்து வேலிக்கு அந்தப் பக்கம் ரேவதி வந்து நின்றாள். ரேவதி அடுத்த தோட்டத்துச் செல்லப்பாண்டியின் மனைவி. அவர்களுடையது முட்டைக்கோசு.

"என்ன மதினி, ஒங்க கேரட்டுல ஒரு எலகூடக் கடிபடல! எங்க கோசுல பாதி போச்சு. தெனம் வருது. நேத்து வாசப்படியிலயே வந்து நின்னுச்சு. எங்க வீட்டுக்காரரு பல்லு வெளக்கிக்கிட்டே அடுப்படி ஜன்னல் வழியா போன்ல போட்டோ எடுத்தாரு. மூக்குல இருக்க முடிகூடத் தெரியுது."

"அப்படியா! எனக்கும் அனுப்பு ரேவதி. எந்தம்பி படத்துக்குப் பக்கத்துல மாட்டலாம்."

கூடாரத்துக்குள் எனக்கு மட்டும் இருட்டிக்கொண்டு வந்தது.

"ஒங்க பக்கம் மட்டும் எப்படி மதினி வரல? வெடி கிடி போட்டீங்களா?"

"வெடி எதுக்கு? இவரு இருக்காருல்ல. மொதல்ல இவரோட பழைய சட்டைய மாட்டிப் பொம்மதான் கட்டி வச்சேன். அந்த மான் பொம்ம மேல முதுகத் தேய்ச்சிட்டுல்ல போச்சு. பொம்மைக்கு வாசம் கெடையாது பாரு. இவருக்குன்னா தைலம் தேய்ச்சு விட்டுரலாம். எடத்தையும் மாத்தி மாத்தி வச்சுக்கிரலாம். எப்படி எப்படிச் செஞ்சா மான் வராதுன்னு அவரே வாசிச்சுக் காமிச்சாரு."

"பாவம் மதினி அண்ணன். தெரிஞ்சா கோவப்பட மாட்டாங்களா?"

"கேரட்டக் காக்குறேன்னு சொல்லிட்டு வேலிப் பக்கம் உப்பு வச்சவரு எப்படிக் கோவப்படுவாரு? தெனமும் அள்ளிட்டு வந்து ரசத்துல போட்டேன். நல்ல உப்பு. அது எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது. இந்நேரம் தெரிஞ்சிருக்கும். உள்ளதான் இருக்காரு."

கம்பீரமாக வெளியே வர நினைத்தேன். வாசல் ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது. தலையை மட்டும் நீட்டினேன்.

"எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"தெரியும்ங்க. வெரசா வாங்க, காப்பி ஆறிக் கெடக்கு."

ரேவதி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு மரியாதையாக, "கோவிச்சுக்கிராதீங்கண்ணே" என்றாள். அப்புறம் என் மனைவி பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். எனக்கு நன்றாகக் கேட்டது.

"மதினி, எங்க கோசு அறுக்க இன்னும் ரெண்டு வாரம் கெடக்கு. ஒங்களுக்குத்தான் இன்னையோட சோலி முடிஞ்சிருச்சே..."

"அதுக்கென்ன, தாராளமாக் கொண்டுபோ ரேவதி. கூடாரத்த மடக்கிக் குடுக்கச் சொல்றேன்."

ரேவதி என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள். மூக்கைச் சுளித்து மோந்தும் பார்த்தாள்.

"கூடாரமெல்லாம் வேணாம் மதினி. அண்ணன் மட்டும் போதும்."