மருமகன் விமான நிலையத்துக்கு எப்போது போகவேண்டும்

கட்டுநாயக்கா விமான நிலையம்,
வாசலுக்கு வெளியே, மதிலோரம்.
17.05.1996, வெள்ளிக்கிழமை.

அன்பும் மரியாதையும் கொண்ட மருமகன் வினாயகமூர்த்தி அறிவது,

இங்கு யாவரும் நலம் என்று எழுதுவது முறையாகையால் எழுதிவிட்டேன். கனடாவில் உங்கள் சுகத்துக்கும் குளிருக்கும் களுதாவளைப் பிள்ளையார் பொறுப்பு. உங்கள் கடிதம் கிடைத்தது. யோகமலர் வந்து இறங்குவதற்கு அரை மணித்தியாலம் முந்தி விமான நிலையத்துக்குப் போனால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். கல்யாண எழுத்து முடிந்த மறுமாதமே பிரிந்துபோய், மூன்று வருடமாக முகம் பாராத பெண்சாதிக்கு அரை மணித்தியாலம்! உங்களைக் குறை சொல்லவில்லை. நேரத்தைக் கையில் கட்டிக்கொண்டு திரிகிற நாட்டில் இருக்கிறீர்கள். இங்கே நேரத்தை வேறு ஆட்கள் வைத்திருக்கிறார்கள்.

போன மாதம் நாங்கள் மூன்று நாள் முந்திப் புறப்பட்டும், பாதை ஐந்து நாள் பூட்டிக் கிடந்ததால் பிளேனைத் தவறவிட்டது உங்களுக்குத் தெரியும். விசா இருபதாம் திகதியோடு முடிகிறது. பதினேழாம் திகதிப் பிளேனும் தவறினால் பிள்ளை மறுபடி விண்ணப்பித்து மறுபடி மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். ஆகவே வெல்லாவெளி வீட்டில் ஒரு கூட்டம் வைத்தேன். டிக்கட் போட்டுத் தந்த ஏறாவூர்ப் பாறூக், “மூணு மணித்தியாலத்துக்கு முந்திப் போனாச் சரி அண்ணன், உலகம் முழுக்க அதுதான் சட்டம்” என்றார். அந்த உலகத்தில் வெல்லாவெளி எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டேன். அவர் தேத்தண்ணியைக் குடித்தார். பிறகு நானே கணக்குப் போட்டேன். எங்கள் கரையை விட்டு வெளியே போக இயக்கப் பெடியன்களிடம் பாஸ் எடுக்க இரண்டு நாள், மண்டூர்த் துறையில் வாவி கடக்கத் தோணிக்கு ஒரு நாள், அக்கரை ஆமியிடம் அந்தப் பாஸை ஏன் எடுத்தாய், யாரிடம் எடுத்தாய் என்ற விளக்கத்துக்கு ஒரு நாள், கொழும்பு பஸ்ஸுக்கும் வழியிலுள்ள சென்றிகளில் சோதனைக்கு இறங்கி ஏறுவதற்கும் இரண்டு நாள், பாதை பூட்டினால் இரண்டு நாள். உங்கள் மாமி சின்னத்தங்கம், “இஞ்சேருங்க, மறுகா அந்தரப்படாம இன்னுமொரு நாளைக் கூட்டி வைங்க” என்றாள். மொத்தம் ஒன்பது நாள். (இதைப் பிரித்து வாசிக்கிற ஐயா எவராயினும் அவருக்கு என் வணக்கம். நான் எந்தக் கரையையும் குறை சொல்லவில்லை. இரண்டு கரையிலும் ஒரே அளவு மரியாதையோடுதான் காக்கவைக்கிறார்கள்.)

எட்டாம் திகதி நானும் பிள்ளையும் புறப்பட்டோம். என்ன நடந்தது தெரியுமா மருமகன்? ஒன்றுமே நடக்கவில்லை! பாஸ் எழுதுகிற பெடியன், நான் தபாற்கந்தோரில் இருந்த காலத்தில் வெளிநாட்டு முத்திரை கேட்டு வந்து நின்ற பிள்ளை. பத்து நிமிஷத்தில் எழுதித் தந்தான். தோணி தயாராக நின்றது. அக்கரையில் ஆமிக்காரர் றேடியோவில் கிரிக்கெட் கேட்டுக்கொண்டே போ என்று கையைக் காட்டினார்கள். மறுநாள் மத்தியானம் கொழும்பில் ஒரு லொட்ஜில் சோறு தின்றுகொண்டிருந்தோம். “அப்பா, இனி எட்டு நாளைக்கு இஞ்ச என்ன செய்யிற?” என்று யோகமலர் கேட்டாள். அதற்குப் பதில் சனிக்கிழமை விடிய லொட்ஜைச் சுற்றிவளைத்தவர்களிடம் இருந்தது.

பொலிஸ் நிலையத்தில் ஒரு சிங்கள அதிகாரி தனக்குத் தெரிந்த தமிழில் விசாரித்தார்.

“பிளேன் எப்ப?”

“வெள்ளிக்கிழமை, ஐயா.”

“இண்டைக்குச் சனி. ஏன் இப்பவே வந்தது?”

“பிந்திப் போகாம இருக்கத்தான் ஐயா.”

“பிந்தாம இருக்க ஆறு நாளா? வேற வேலை இல்லாத ஆள் இவ்வளவு முந்தி வராது.”

முப்பத்தொரு வருட உத்தியோகத்தில் ஒரு நாளும் பிந்தியதில்லை என்று சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார். யோகமலரைப் பெண்கள் பக்கம் கொண்டுபோய் இருத்தினார்கள். அவள் விசா முடிய எத்தனை நாள் என்று விரலில் எண்ணுவது கம்பிக்கு இந்தப் பக்கமிருந்தே தெரிந்தது. பகிடியாக எழுதுகிறேன் மருமகன், ஆனால் அந்த ஆறு நாளும் எனக்கு அது பகிடியாக இருக்கவில்லை. என் புத்திசாலித்தனத்தால் பிள்ளையைக் கொண்டுவந்து அடைத்துவிட்டேனே என்று என்னையே ஏசிக்கொண்டிருந்தேன்.

இன்று காலை ஒன்பது மணிக்கு, குற்றம் ஒன்றும் இல்லை என்று சொல்லி, ஏதோ பரிசு தருகிற மாதிரி பாஸ்போட்டைத் திருப்பித் தந்தார்கள். வாடகைக்கு ஒரு வான் பிடித்து ஓடி வந்தோம். பிளேன் இரண்டேகாலுக்கு. வாசலில் இறங்கி மணிக்கூட்டைப் பார்த்தால் பதினொன்றேகால். பாறூக் சொன்ன அதே மூன்று மணித்தியாலம்! உலகச் சட்டத்தை நாங்கள் மீறாமல் அரசாங்கமே பார்த்துக்கொண்டது. வழியனுப்ப வந்தவர்களை உள்ளே விடமாட்டார்களாம். பிள்ளை பெட்டியோடு வரிசையில் நிற்கிறாள், நான் மதிலோரம் குந்தியிருந்து முழங்காலில் வைத்து எழுதுகிறேன்.

ஆகவே உங்களுக்கு என் புத்திமதி. அரை மணித்தியாலம் போதாது. ஒரு நாள் முந்திப் போங்கள். அதற்கு மேல் வேண்டாம், பிடித்துவிடுவார்கள். அடையாள அட்டையும் கல்யாண எழுத்துப் பத்திரமும் கையில் இருக்கட்டும். ஏன் வந்தாய் என்று கேட்டால் சொல்வதற்கு நல்ல காரணம் ஒன்றை யோசித்து வையுங்கள். பெண்சாதி வருகிறாள் என்பது காரணமாகாது. மகள் போகிறாள் என்று நான் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

இருவரும் குறைவில்லாமல், ஒருவரையொருவர் காக்கவைக்காமல் வாழ மாமியும் நானும் ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் மாமா,
க. அழகரத்தினம்,
ஓய்வுபெற்ற தபாலதிபர்.

பி.கு.: வரிசை நகர்ந்துவிட்டது, யோகமலர் கூப்பிடுகிறாள். முப்பத்தொரு வருடம் தபாற்கந்தோரில் இருந்த எனக்குத் தபாலில் நம்பிக்கை இல்லை. அதனால் இதை அவள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். மடிக்கும்போதுதான் மண்டையில் ஏறுகிறது: அவளைக் கூட்டிவர நீங்கள் எப்போது போகவேண்டும் என்பதை அவளே கொண்டுவந்து தரப்போகிறாள்! மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். இது உங்கள் கையில் இருக்கிறதென்றால் பிள்ளை வந்து சேர்ந்துவிட்டாள். அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. வாசித்த கையோடு ஒரு வரி எழுதிப் போடுங்கள், மருமகன். தபாலிலேயே போடுங்கள்.