மூன்று விண்ணப்பங்களும் ஒரு தராசுக்காரனும்

மதிப்புக்குரிய அண்ணா அவர்களுக்குத் தம்பி பணிவுடன் எழுதுவது.

கர்த்தர் கிருபையால் இங்கே நானும் இவளும் நலம். என் முழங்கால் மட்டும் நலமில்லை. காரணம் கீழே வரும். அங்கே உங்கள் இரத்த அழுத்தமும் அண்ணியின் கண்ணும் ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டுமென்று இரவு ஜெபத்தில் மறக்காமல் கேட்டுக்கொள்கிறோம். இதைப் படிக்கும்போது அண்ணி பக்கத்தில் இருந்தால், காணிக்கை பற்றிய பகுதியை மட்டும் மனதுக்குள் படித்துக்கொள்ளவும்.

நீங்கள் கேட்ட அறிக்கைக்கு வருகிறேன். வருஷக் கடைசிக்குள் ஆராதனைக்கு நாற்பது பேராவது வராவிட்டால் நம் ஆலயத்தைப் பூட்டிவிடுவோம், நீங்கள் பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள பெரிய சபையோடு சேர்ந்துகொள்ளலாம் என்று தலைமைச் சபை எழுதியது உங்களுக்குத் தெரியும். வந்து குடியேறிய இந்த ஊரில் நம் பாஷைக்காரர்கள் இருபத்து மூன்று பேர், அதுவும் யாருக்கும் சளிக் காய்ச்சல் இல்லாத வாரத்தில். கட்டடத்தை வேறு சபையோடு பகிர்ந்துகொண்டால் அவர்களையும் சேர்த்து எண்ணிக்கொள்வதாகச் சொன்னார்கள். அதைக் கேள்விப்பட்டு மூன்று சபையார் விண்ணப்பம் போட்டார்கள். மூன்றும் மூன்று ஜனம், மூன்று பாஷை. அப்போது நீங்கள் தொலைபேசியில் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. "நானும் பதினொரு குடும்பமும் செங்கல் சுமந்து கட்டினதுடா அது. கண்டவங்களும் வந்து கூத்தடிக்கவா? நீ எடை அளவை ஆபீஸ்ல முப்பத்திரண்டு வருஷம் தராசு பார்த்தவன். போய் உட்கார்ந்து பார்த்துட்டு எழுது. கட்டடத்தைப் பகிரணும்னா என் கையெழுத்து வேணும்; நீ ஆட்சேபம் சொன்னா நான் போடமாட்டேன்." இவ்வளவு பெரிய பொறுப்பைத் தலையில் தூக்கி வைத்துவிட்டு நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள். நான் கைக்கடிகாரத்தையும் நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு, வேண்டாம் வேண்டாமென்று சொல்லியும் கிளம்பிய இவளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

முதல் வாரம் தீவுக்காரர்கள். ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடத்தில் கூடுகிறார்கள். அறிவிப்பில் பத்து மணி என்று போட்டிருந்தது. ஒன்பதே முக்காலுக்குப் போய் உட்கார்ந்தோம். பத்து மணிக்கு அங்கே இருந்தது நாங்கள் இருவரும், ஒலிபெருக்கிக்கு வயர் மாட்டிக்கொண்டிருந்த ஒருவரும்தான். பத்தே முக்காலுக்கு மேல் ஜனம் குடும்பம் குடும்பமாக வந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவரும் எங்களைக் கட்டிப்பிடித்தார்கள். பிறகு மேளம் ஆரம்பித்தது, அண்ணா. மேளமென்றால் ஒன்றில்லை, ஐந்து. என் நோட்டுப் புத்தகம் மடியில் தானாகக் குதித்தது. காணிக்கைப் பையை அவர்கள் நம்மிடம் கொண்டு வருவதில்லை. நாம்தான் ஆடிக்கொண்டே அதனிடம் போக வேண்டும். இவள் போனாள். மூன்று தடவை போனாள். இரண்டாவது தடவை கையில் போடுவதற்கு ஒன்றுமே இல்லை, சும்மா போய்விட்டு வந்தாள். முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் இவள் இடுப்பு இப்படி அசையும் என்று எனக்குத் தெரியாது. மணி ஒன்றரை ஆனதும், எப்போது முடியும் என்று பக்கத்தில் இருந்த ஒரு நர்ஸம்மாவிடம் கேட்கலாமென்று கையைத் தூக்கினேன். அங்கே கையைத் தூக்கினால், கர்த்தர் தனக்குச் செய்ததை எழுந்து சாட்சி சொல்லப் போகிறான் என்று அர்த்தமாம். மைக்கைக் கொண்டு வந்து கையில் திணித்துவிட்டார்கள். "நான் எடை அளவை ஆபீஸ்ல வேலை பார்த்தேங்க" என்றேன். நர்ஸம்மா அவர்கள் பாஷையில் சொன்னதும், "ஆமென்!" என்று கூடமே அதிர்ந்தது. "முப்பத்திரண்டு வருஷம்" என்றேன். "அல்லேலூயா!" "கள்ளத் தராசு வச்சிருந்தவங்களை ஒருத்தரையும் விட்டதில்ல" என்றேன். அண்ணா, எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் ஓய்வு பெற்ற அன்று ஆபீஸில் ஒரு டீயைக் கொடுத்து அனுப்பினவர்கள்தானே, உங்களுக்குத் தெரியும். நான் பதினான்கு நிமிஷம் பேசினேனாம். இவள் என் கடிகாரத்தையே வாங்கி வைத்துப் பார்த்திருக்கிறாள். ஆராதனை இரண்டே காலுக்கு முடிந்தது. ஆட்சேபம்: நேரம் தவறுதல், அளவுக்கு மிஞ்சிய சத்தம், வந்தவர்களைப் பேச வைத்தல்.

இரண்டாம் வாரம் மலைநாட்டார். மூடிப்போன துணிக்கடை ஒன்றின் மாடியில் கூடுகிறார்கள். மிகப் பழைய முறை. தூபம், மெழுகுவர்த்தி, பேச்சே கிடையாது, எல்லாம் ராகம்தான். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நாற்காலி எந்தப் பக்கமும் இல்லை. முழுக்க நின்றுகொண்டே ஆராதனை, இரண்டு மணி நாற்பது நிமிஷம். எண்பது வயதுக் கிழவர்கள் தூண் மாதிரி நிற்கிறார்கள். எனக்கு அரை மணியிலேயே முழங்கால் கழன்று விழுகிற மாதிரி ஆகிவிட்டது. சுவர் ஓரமாக ஒரே ஒரு முக்காலி தென்பட்டது. மெல்ல நழுவிப் போய் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த ஒரு நிமிஷத்தில் ஒரு பெரியவர் வந்து என் முன்னால் குனிந்து வணங்கினார். பெரிய மரியாதை தெரிந்த ஜனம் என்று நினைத்து நானும் பாதி எழுந்து வணங்கினேன். அவருக்குப் பின்னால் இன்னொருவர். அதற்குப் பின்னால் ஒரு குடும்பம். கைக்குழந்தையைக் கூட என் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். நான் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தேன். இருபது பேருக்குக் குறையாது. பெண்கள் பக்கத்திலிருந்து இவள் கண்ணை உருட்டி உருட்டி ஏதோ சைகை காட்டினாள். வழக்கம்போல் நான் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் ஒரு தச்சர் வந்து காதோடு சொன்னார்: "ஐயா, கொஞ்சம் தலையைச் சாய்ச்சுக்கிறீங்களா? உங்களுக்குப் பின்னால பரிசுத்தவான் படம் இருக்கு." திரும்பிப் பார்த்தேன். தாடி வைத்த ஒரு பரிசுத்தவான் என் உச்சந்தலைக்கு மேலே இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அசடு வழிய எழுந்தேன். தச்சர் தோளைத் தட்டிக்கொடுத்து, "பரவாயில்லீங்க, அவர் ரொம்பப் பொறுமைசாலி. முக்காலி அடிச்சதே கால் வலிக்கிறவங்களுக்காகத்தான், உட்காருங்க" என்றார். முக்காலியைத் தானே அரை முழம் தள்ளியும் போட்டார். ஆட்சேபம்: புகை, நாற்காலி இன்மை, முழங்கால்.

மூன்றாம் வாரம் இந்த ஊர்ப் பூர்வீகக்காரர்கள். இவர்களுக்குப் பெயரே நான் 'சும்மா இருப்பவர்கள்' என்று வைத்திருக்கிறேன். ஒரு நூல்நிலையத்தின் வாசிப்பு அறையை இரவல் வாங்கிக் கூடுகிறார்கள். ஒன்பதே ஒன்பது பேர், வட்டமாக நாற்காலி. பத்து மணிக்குச் சரியாக உட்கார்ந்தார்கள். ஆகா, நம்ம ஆட்கள் என்று சந்தோஷப்பட்டேன். பத்தே கால் ஆயிற்று, பாட்டு இல்லை. பத்து இருபது ஆயிற்று, ஜெபம் இல்லை, வேத வாசிப்பு இல்லை. எல்லோரும் மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சரி, போதகர் எங்கேயோ மாட்டிக்கொண்டார், சொல்லக் கூச்சப்படுகிறார்கள் என்று எனக்குப் பட்டது. பொறுக்க முடியாமல் எழுந்தேன். "மன்னிக்கணும். நாம யாருக்காகக் காத்துக்கிட்டு இருக்கோம்? அவரு வழி தெரியாம எங்கேயாவது வெளியில நின்னுக்கிட்டு இருந்தா? யாராவது ஒருத்தர் எழுந்து போய்ப் பார்த்தா என்ன?" ஒருவரும் அசையவில்லை. ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் புரியாமல் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்கப்புறம் நாற்பது நிமிஷம். நோட்டுப் புத்தகத்தில் எழுத ஒன்றுமே இல்லை, அண்ணா. எண்ணுவதற்கும் இல்லை, அளப்பதற்கும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தபோது நம் ஆலயக் கதவும் அதில் ஒரு பெரிய பூட்டும் கண்ணுக்குள் வந்து நின்றன. பாலத்துக்கு அந்தப் பக்கம் போய், நம் பாஷையில் ஒரு பாட்டும் இல்லாமல், கடைசி பெஞ்சில் நானும் இவளும் யாரோ மாதிரி உட்கார்ந்திருக்கிற காட்சியும் வந்தது. எனக்குப் பயமாக இருந்தது. இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

பதினோரு மணிக்கு எல்லோரும் கை குலுக்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான் ஆராதனை. கண்ணைத் துடைத்த அம்மாள் அந்த நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். என் கையைப் பிடித்துக்கொண்டு, "இருபத்தஞ்சு வருஷமா இங்க உட்கார்றேன். எழுந்து போய் அவரைத் தேடணும்னு இன்னைக்குத்தான் தோணிச்சு" என்றார். நானும் ஏதோ தெரிந்தவன் மாதிரி தலையாட்டி வைத்தேன். பஸ்ஸில் வரும்போது இவள் வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள்: "அவங்களுக்குப் போதகரே கிடையாதாங்க. மனசுல என்ன தோணுதோ அதை யார் வேணும்னாலும் எழுந்து சொல்லலாமாம். அந்தம்மா வாசல்லயே என்கிட்ட சொல்லிட்டாங்க." ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டால், "நீங்க பாட்டுக்கு நல்லாத்தானே பேசினீங்க" என்கிறாள். ஆட்சேபம்: ஆராதனையில் ஒன்றுமே நடக்கவில்லை.

ஆகவே அண்ணா, ஒருவர் சத்தம், ஒருவர் புகை, ஒருவர் மௌனம். அளவுக்கு ஒத்து வராத தராசுக்கு முத்திரை குத்தக் கூடாதென்பது எங்கள் ஆபீஸ் விதி. மூன்று விண்ணப்பங்களையும் தள்ளிவிடலாம் என்பதே என் பணிவான கருத்து. மனிதர்கள் என்று பார்த்தால் நல்ல மனிதர்கள். ஆனால் நீங்கள் கேட்டது மனிதர்களைப் பற்றி அல்லவே.

அண்ணிக்கு எங்கள் அன்பு. பிள்ளைகளுக்கும் பேரப் பிள்ளைகளுக்கும் சமாதானமும் நீண்ட ஆயுளும் உண்டாவதாக. மாத்திரையை வேளைக்குப் போட்டுக்கொள்ளவும்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லைத் தட்டாத தம்பி,
சபைச் செயலாளர்

பி.கு.: மேலே உள்ளதைச் செவ்வாய்க்கிழமை எழுதி முடித்தேன். இவள் உறை தீர்ந்துவிட்டது என்று சொன்னதால் தபாலில் போட முடியவில்லை. ஐம்பது உறையும் இவள் தலையணைக்கு அடியில் இருந்ததை இன்றுதான் கண்டுபிடித்தேன். இதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. ஒன்பது மணிக்கு நாம் முதல் பாட்டைத் தொடங்கியதும் கதவு திறந்தது. நர்ஸம்மா, தச்சர், நூலக அம்மாள், அவரவர் பின்னால் அவரவர் ஜனம். நாங்கள் போய்ப் பார்த்த மாதிரி அவர்களும் நம்மைப் பார்க்க வந்திருக்கிறார்கள். யார் சொல்லிக் கூப்பிட்டது என்று நான் இவளைக் கேட்கவும் இல்லை, இவள் சொல்லவும் இல்லை. வந்தவர்கள் உட்காரவில்லை, அண்ணா. சுவரோரமும் வாசலிலும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். நான் சைகை காட்டினேன்; அப்படியும் உட்காரவில்லை. தச்சர் என்னிடம் குனிந்து ரகசியமாகக் கேட்டார்: "முன்னாடி ஏழு வரிசை காலியா வச்சிருக்கீங்களே, யாருங்க வரப் போறாங்க?"

நிமிர்ந்து பார்த்தேன். நாங்கள் இருபத்து மூன்று பேரும் கடைசி நாலு வரிசையில் இருந்தோம். முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக ஊர் மாறிப் போனார்கள், சிலர் மண்ணுக்கே போனார்கள். மிச்சமிருந்த நாங்கள் எழுந்து முன்னே போகவேயில்லை. இதைப் போய் அவரிடம் எப்படிச் சொல்வது? "உங்களுக்காகத்தாங்க" என்று என் வாய் சொல்லிவிட்டது. அதைக் கேட்டு அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு முன்னால் போய் உட்கார்ந்தார்கள்.

ஆகவே மேலே எழுதிய ஆட்சேபங்களை முழங்கால் உட்பட அடித்துவிடவும். சாவி மூன்று வெட்டியாகிவிட்டது. அவரவர்க்கு ஒரு நேரம், மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோரும் ஒன்றாக என்று பேசியும் ஆயிற்று. உங்கள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. தபாலில் அனுப்ப வேண்டாம், அண்ணியையும் கூட்டிக்கொண்டு முதல் ஞாயிறு நேரில் வந்தே போடுங்கள். அரை மணி நேரம் முன்னதாக வந்துவிடுங்கள், அண்ணா. ஆலயம் கட்டினவர் என்றாலும் இடம் பிடித்து வைக்க இங்கே யாரும் விடமாட்டார்கள்.