உடுக்கண்ணனுக்கு ஓர் ‘ஆமா’

ஆமா போட ஆள் இல்லை என்பதற்காக, புலிக்குப் பயந்து மரக்கிளையில் தொங்கிய ராஜாவை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனவர், இந்தப் பினாங்குத் தீவிலேயே எங்கள் உடுக்கண்ணன் ஒருவர்தான்.

பகலெல்லாம் துறைமுகத்தில் மூட்டை தூக்குவார். சாயங்காலம் கோட்டை மதிலுக்கு வெளியே, கடலோரத் திடலில் கிடந்த பழைய பீரங்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உடுக்கடித்துக் கதை பாடுவார். கதைப்பாட்டு என்றால் அடிக்கு அடி பின்பாட்டுக்காரர் ‘ஆமா’ சொல்ல வேண்டும். இவருக்குப் பின்பாட்டு கிடையாது. கேட்கிற நாங்கள்தான் போட வேண்டும். போடாவிட்டால் கதை நகராது.

தமிழில் வேறு ஒரு சொல்லும் தெரியாத சீன ரிக்‌ஷாக்காரர் ஒருவர், வண்டியை நிறுத்திவிட்டு வந்து, அழ வேண்டிய இடத்தில் அழுதுகொண்டே ஆமா போடுவார். ஒரு நாள் திடலில் மேய்ந்த மாடு கத்தியது. “மாடே ஆமா போடுது லா, உங்களுக்கு வாய் வலிக்குதா?” என்றார் அண்ணன்.

எனக்கு அப்போது கல்யாணமாகி நாலு வருஷம். ஓரத்தில் நின்று வாய்க்குள்ளேயே சொல்வேன். “தங்கச்சியோட ஆமா கொசு மாதிரி. காதுக்கிட்ட வந்தாத்தான் கேக்கும்” என்பார். எல்லாரும் சிரிப்பார்கள்.

அந்தப் பீரங்கிக்குப் பூ வைத்தால் பிள்ளை பிறக்கும் என்று ஊரில் நம்பிக்கை. என் மாமியாருக்கு அது ஆகாது. “இரும்புக்குப் பூ வைக்கிறவளுக்கு என் வீட்டுல சோறு கிடையாது” என்று சொல்லியிருந்தார். நான் பாசாருக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, பூவும் ஒரு சீப்புப் பழமும் வைத்துக் கும்பிட்டேன். பழத்தை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாதே. உடுக்கண்ணனிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்தேன்.

மறுநாள் மாமியாரோடு கதை கேட்கப் போனேன். அன்றைக்குத்தான் ராஜாவை மரத்திலிருந்து இறக்குவதாக அண்ணன் சொல்லியிருந்தார். அண்ணன் மீதிப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தபோது, திடலைக் காவல் பார்த்த ஜாகா வந்து நின்றார்.

“பீரங்கிக்கு வச்ச பழத்தத் திருடித் தின்னுறியா? இனிமே இங்க உக்காராத.”

“திருடலீங்க. வச்சவங்களே குடுத்தாங்க.”

“யாரு? ஆளக் காட்டு.”

அண்ணன் என்னைப் பார்த்தார். பக்கத்தில் மாமியாரையும் பார்த்தார். என்னைக் காட்டவில்லை. உடுக்கில் ஒரு தட்டுத் தட்டி, “குடுத்தாங்கதானே?” என்று பொதுவாகக் கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

ஓர் ஆமாதான். கொசு ஆமா போதும். எனக்கு வாய் திறக்கவில்லை. சீனக்காரர் மட்டும் பழக்கத்தில் “ஆமா” என்றார். ஜாகா சிரித்துவிட்டு, உடுக்கைத் தூக்கி அண்ணன் கையில் திணித்து அனுப்பிவிட்டார்.

சுங்கை பினாங் பக்கம் பாடுகிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன். எந்த முகத்தோடு போவது? எனக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். ராஜா என்ன ஆனார் என்று இன்றுவரை தெரியாது.

மாமியார் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிவிட்டது. இதை எழுதவே இன்னும் கூசுகிறது. ஆனாலும் வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, உரக்கவே சொல்லிவிட்டேன்.

ஆமாண்ணே. நான்தான் குடுத்தேன்.